‘ச’ எங்கே இருக்கிறது? – இசையிலக்கணத்துக்கு ஒரு தொடக்கம்



இசை பயிலாதவர்களுக்கு இசையிலக்கணத்தின் அடிப்படைகளை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். நாதம் என்றால் என்ன, ஸ்தாயி என்றால் என்ன, கமகம் எத்தனை வகை என்று வரிசையாக விளக்கம் சொல்லிப் போகலாம். அதற்குப் பாடப்புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்து தேர்வில் தேறியவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு ஒரு பாட்டைக் கேட்டு ‘ச’ எது என்று காட்டத் தெரியாது. எனவே இன்று எல்லாவற்றையும் தொடப் போவதில்லை. ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு அதைப் பல பக்கங்களிலிருந்து காட்டப் போகிறேன். இசையில் எந்த ஒலிக்கும் தனியாக ஒரு பெயர் கிடையாது. இன்னோர் ஒலியிலிருந்து அது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை வைத்துத்தான் அதற்குப் பெயர் கிடைக்கிறது. ஸ்வரமும் அப்படி, ராகமும் அப்படி, தாளமும் பெரும்பாலும் அப்படியே.

சுருதியிலிருந்து, அதாவது பாடகர் தம் ‘ச’வை வைக்கும் உயரத்திலிருந்து, தொடங்குவோம். கச்சேரிக்கு முன்னால் பக்கவாத்தியக்காரர் பாடகரிடம் ‘எத்தனை கட்டை?’ என்று கேட்பார். ‘ஒன்றரை’ என்றோ ‘ஐந்து’ என்றோ பதில் வரும். கட்டை என்பது ஆர்மோனியத்தின் கட்டை. வெள்ளைக் கட்டைகளை 1 முதல் 7 வரை எண்ணி, இடையிலுள்ள கறுப்புக் கட்டைகளுக்கு ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை என்று பெயர் வைத்தார்கள். மூன்றரை கிடையாது, ஏனென்றால் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை. ஆண்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள் பாடுகிறார்கள். பெண்கள் நாலரையிலிருந்து ஆறுக்குள். ஒலிபெருக்கி வராத காலத்து நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பா போன்றவர்கள் மிக உயர்ந்த சுருதியில் பாடினார்கள். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்க வேண்டுமே. மைக் வந்த பிறகு ஆண் பாடகர்களின் சுருதி இறங்கியது.

ஒருவருக்கு ஒரு கட்டையில் ‘ச’, இன்னொருவருக்கு ஐந்து கட்டையில் ‘ச’. அப்படியானால் ‘ச’ எங்கே இருக்கிறது? பாடுகிறவர் வைத்த இடத்தில் இருக்கிறது. ஐரோப்பிய இசையில் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு ஒலிக்கும் நிரந்தரமான எழுத்துப் பெயர் உண்டு. 1859இல் பிரான்ஸ் அரசு ‘ஏ’ என்ற ஒலியை விநாடிக்கு 435 அதிர்வு என்று நிர்ணயித்தது. 1939இல் லண்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு அதை 440 ஆக்கியது. எண்பது வாத்தியங்கள் ஒரே மேடையில் உட்கார்ந்து வாசிக்கும் மரபுக்கு இப்படி ஓர் ஒப்பந்தம் தேவைதான். ஒரு குரலைச் சுற்றி நாலு பேர் உட்காரும் நம் மரபுக்குத் தேவைப்படவில்லை. அவர்களுடைய இசையிலக்கணப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை அப்படியே நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் வரும் முதல் குழப்பம் இங்கேதான். ‘ச’ என்றால் ‘சி’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அது பியானோவில் விரல் பழக உதவும். இசை புரிய உதவாது.

‘ச’வை வைத்தாயிற்று. இனி மற்றவை. பாடகரின் ‘ச’ விநாடிக்கு 200 அதிர்வு என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்குச் சுலபமான எண். 400 அதிர்வில் வரும் ஒலி மேல் ‘ச’. இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது ஒரு ஸ்தாயி. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரே பாட்டைப் பாடும்போது பெரும்பாலும் இந்த இரட்டிப்பில்தான் பாடுகிறார்கள், ஆனால் கேட்கிற நமக்கு ஒரே ஸ்வரமாகவே படுகிறது. இடையில் 300 அதிர்வில் நிற்பது ‘ப’. ‘ச’வுக்கும் ‘ப’வுக்கும் உள்ள விகிதம் 2க்கு 3. இரட்டிப்புக்கு அடுத்தபடியாக இதைவிட எளிய விகிதம் இல்லை. அதனால்தான் உலகத்தின் பல மூலைகளில், ஒருவரையொருவர் அறியாத மக்கள் இந்த உறவைத் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். சிலப்பதிகார உரை மரபில் ஏழு நரம்புகளுக்கு, அதாவது ஸ்வரங்களுக்கு, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயர் சொல்வதோடு உரையாசிரியர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. எந்த நரம்புக்கு எந்த நரம்பு கிளை, எது நட்பு, எது பகை என்றும் சொல்கிறார்கள். ஐந்தாம் நரம்பு கிளை, நான்காம் நரம்பு நட்பு.

இனி ‘ப’வை ஒரு புதிய ‘ச’வாக வைத்து அதன் ‘ப’வைத் தேடலாம். அதிலிருந்து இன்னொரு ‘ப’. மேலே போய்விட்டால் பாதியாக்கிக் கீழ் ஸ்தாயிக்குக் கொண்டுவந்துவிடலாம். இப்படி 12 முறை போனால் புறப்பட்ட ‘ச’வுக்கே கிட்டத்தட்டத் திரும்பி வந்துவிடுகிறோம். நடுவில் தொட்ட இடங்கள் 12. ஒரு ஸ்தாயியில் 12 ஸ்வரஸ்தானங்கள் அமைந்ததற்கு இதுதான் காரணம். ‘கிட்டத்தட்ட’ என்று சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கிக்கொண்டே போய் 12 முறை முடித்தால் ஏறக்குறைய 129.75 வருகிறது. ஏழு ஸ்தாயி ஏறினால் 128. இரண்டும் பொருந்தவில்லை. ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம் நிற்கிறது.

இந்த மிச்சத்தை எங்கே ஒளித்துவைப்பது என்பதில்தான் இசை மரபுகள் பிரிந்து போகின்றன. பியானோவும் ஆர்மோனியமும் அதை 12 இடைவெளிகளிலும் சமமாகப் பரப்பிவிட்டன. அதனால் எந்தக் கட்டையில் தொடங்கினாலும் ஒரே மாதிரி வாசிக்கலாம். பதிலுக்கு, ஸ்தாயியைத் தவிர எந்த உறவும் முழுச் சுத்தமாக இல்லை. 300இல் இருக்க வேண்டிய ‘ப’ 299.66இல் இருக்கிறது, இதை யாரும் கவனிக்கப் போவதில்லை. ஆனால் 250இல் நிற்க வேண்டிய ‘க’, அதாவது அந்தர காந்தாரம், 252இல் நிற்கிறது. தம்பூராவின் பக்கத்தில் வைத்தால் இந்த வேறுபாடு அம்பலமாகும். தம்பூராவின் மந்தர ‘ச’ தந்தி 100 அதிர்வு என்றால், அதிலிருந்து 200, 300, 400, 500 என்று மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கின்றன. குடத்தின்மேல் குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் ஒரு நூலைச் செருகி நகர்த்துவார்களே, ஜீவாளி, அது சரியாக அமைந்தால் இந்த மேல் ஒலிகள் தெளிவாக எழும். ஐந்தாவது மடங்கான 500தான் அந்தர காந்தாரம். யாரும் ‘க’ தந்தி என்று ஒன்றைக் கட்டவில்லை, ஆனாலும் நல்ல தம்பூராவில் ‘க’ கேட்கிறது. அதே நேரத்தில் ஆர்மோனியத்தின் மேல் ‘க’வை அழுத்தினால் அது 504. இரண்டும் சேர்ந்து விநாடிக்கு நாலு முறை அலைபாயும். 

அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடைசெய்து 1971 வரையில் அந்தத் தடையை வைத்திருந்தது. ஆர்மோனியத்தில் கமகம் பிடிக்காது என்ற குற்றச்சாட்டோடு இந்தச் சுருதிப் பிரச்சினையும் அதில் உண்டு. தடை தேவையா என்று என்னைக் கேட்டால், தேவையில்லை என்றுதான் சொல்வேன். ஆர்மோனியம் நல்ல கரும்பலகை. அடுத்ததாக நான் சொல்லப்போவதை அதைவிடச் சுலபமாகக் காட்டும் கருவி வேறில்லை.

ஆர்மோனியத்தில் கறுப்புக் கட்டைகளை மட்டும் பாருங்கள். ஒரு ஸ்தாயிக்கு ஐந்து. வெள்ளையைத் தொடவே கூடாது. நாலரைக் கட்டையை ‘ச’வாக வைத்து வரிசையாக மேலே போனால் ச ரி க ப த ச. மோகன ராகம். இசை தெரியாதவரும் அடையாளம் கண்டுவிடுவார். இப்போது அதே ஐந்து கட்டைகள்தாம், ஐந்தரையை ‘ச’வாக வையுங்கள், மத்தியமாவதி. ஆறரையிலிருந்து தொடங்கினால் ஹிந்தோளம். ஒன்றரையிலிருந்து சுத்த சாவேரி. இரண்டரையிலிருந்து சுத்த தன்யாசி. விரல் படும் கட்டை ஒன்றுகூட மாறவில்லை. ஒரே தெருவில் ஐந்து வீடுகள் இருக்க, எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறோம் என்பது மட்டும் மாறுகிறது. அக்கம்பக்கம் வேறாகத் தெரிகிறது. கச்சேரி முடிவில் மங்களத்தோடு சேர்ந்து நினைவுக்கு வரும் மத்தியமாவதியும், நடுநிசியில் கேட்கிறாற்போல் இருக்கும் ஹிந்தோளமும் ஒரே ஐந்து ஒலிகளா என்று முதல் முறை கேட்பவருக்கு நம்பிக்கை வராது. வீட்டில் ஒரு சின்ன கீபோர்டு இருந்தால் போட்டுப் பாருங்கள். ஒரு நிபந்தனை உண்டு: இடது கையால் அந்தந்த ‘ச’வை விடாமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் காது பழைய ‘ச’வுக்கே ஓடிவிடும்.

இதைக் கிரக பேதம் என்கிறார்கள். பழந்தமிழ் இசைநூலார் பாலைகளை, அதாவது ஏழு நரம்பு கொண்ட வரிசைகளை, பிறப்பித்ததும் இந்த வழியில்தான்: குரல் நின்ற இடத்தை மாற்றி, அடுத்த நரம்பைக் குரலாக்கி, ஒரு பாலையிலிருந்து இன்னொரு பாலை. சிலப்பதிகார அரங்கேற்று காதையின் இசைப் பகுதி புரியாத புதிராகக் கிடந்தபோது, அதை அவிழ்க்கப் பலர் உழைத்தார்கள். தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டார். சித்த மருத்துவரான அவர் தம் சொந்தப் பணத்தில் இசை மாநாடுகள் கூட்டியவர். ஒரு ஸ்தாயியில் சுருதிகள், அதாவது நுண்ணிய ஒலிநிலைகள், 22 என்று வழிவழியாகச் சொல்லப்பட்டதை மறுத்து 24 என்று வாதிட்டார். ஈழத்தின் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் யாழின் நரம்புகளைக் கணிதத்தால் ஆராய்ந்து எழுதிய ‘யாழ் நூல்’ 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அதே ஆண்டு அவர் மறைந்தார். பின்னால் எஸ். ராமநாதன் பாடகராகவும் ஆராய்ச்சியாளராகவும் இருந்து, பாலைகளில் ஒன்றான செம்பாலையை அரிகாம்போதி ராகமாகப் பாடியே காட்டினார். இவர்கள் சில இடங்களில் ஒருவரோடொருவர் உடன்படவில்லை. ஆனால் மூவரும் கேட்ட கேள்வி ஒன்றே: குரல் எங்கே நிற்கிறது? 22ஆ 24ஆ என்ற வழக்கில் தொடக்க மாணவர்கள் இப்போதைக்குச் சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

ஸ்வரஸ்தானம் 12, ஆனால் பெயர்கள் 16 என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ‘ச’வும் ‘ப’வும் ஒவ்வொன்று, ‘ம’ இரண்டு. ரி, க, த, நி ஒவ்வொன்றும் மூன்று. 12 இடத்துக்கு ஏன் 16 பெயர்? ஒரு கட்டையில் ‘ச’ வைத்துக்கொண்டு இரண்டரைக் கட்டையை அழுத்துங்கள். கரகரப்பிரியா ராகத்தில் அது சாதாரண காந்தாரம், ஏனென்றால் அதற்குக் கீழே ஒரு ரிஷபம், அதாவது ‘ரி’, இருக்கிறது. நாட்டையில் அதே கட்டை ஷட்சுருதி ரிஷபம், ஏனென்றால் அதற்கு மேலே அந்தர காந்தாரம் காந்தாரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது. ஒலி ஒன்று, அண்டை வீட்டாரைப் பொறுத்து பெயர் மாறுகிறது. நான்கு இடங்களுக்கு இப்படி இரட்டைப் பெயர். 12உம் 4உம் 16.

இந்த இரட்டைப் பெயர்களின் பலனாகக் கிடைத்ததுதான் மேளகர்த்தா அட்டவணை. ரி, க இரண்டையும் சேர்க்க ஆறு வழி, த, நி இரண்டையும் சேர்க்க ஆறு வழி, மத்தியமம் இரண்டு. ஆறு, ஆறு, இரண்டு, பெருக்கினால் 72. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் காலத்தில் வேங்கடமகி ‘சதுர்தண்டி பிரகாசிகை’யில் இந்தக் கணக்கைப் போட்டபோது, இதில் பெரும்பாலானவை எவரும் பாடாத மேளங்கள். கணக்கு முதலில் வந்தது, பாட்டு பிறகு வந்தது. பெயரின் முதல் இரண்டு எழுத்தைக் கொண்டு மேளத்தின் எண்ணைக் கண்டுபிடிக்கும் கடபயாதி முறை ஒரு நல்ல விளையாட்டு. மாயாமாளவகௌளையில் ‘ம’வுக்கு 5, ‘ய’வுக்கு 1, 51ஐத் திருப்பினால் 15ஆம் மேளம். பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் 72 பெயரையும் ஒப்பிக்கிற குழந்தைக்கு நாலு ராகம் பாடத் தெரியவில்லை என்றால், அந்தக் குழந்தைக்கு இசையிலக்கணம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஏனென்றால் ராகம் என்பது ஆரோகண அவரோகணம் மட்டும் இல்லை. ஆரபியையும் தேவகாந்தாரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறுவது ச ரி ம ப த ச, இறங்குவது ச நி த ப ம க ரி ச. இரண்டுக்கும் இதே வரிசை, இதே ஸ்வரஸ்தானங்கள். எழுதிக் காட்டினால் வேறுபாடே தெரியாது. பாடினால் ஒரு கணத்தில் தெரிந்துவிடும். ஆரபி துள்ளிப் போகும். ஸ்வரங்களை நேராகத் தொட்டு நகரும். தேவகாந்தாரி நின்று, நீட்டி, அசைத்துப் போகும். ரிஷபத்தில் நிற்கும் விதமே வேறு. இங்கே உறவு இரண்டு ஒலிகளின் தொலைவில் மட்டும் இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எந்தப் பாதையில், எவ்வளவு நேரத்தில் போகிறோம் என்பதிலும் இருக்கிறது. அந்தப் பாதையைத்தான் கமகம் என்கிறோம். தோடியின் காந்தாரம் இதற்கு உச்சம். புத்தகத்தில் அது சாதாரண காந்தாரம், ஒரு கட்டையில் ‘ச’ வைத்தால் இரண்டரைக் கட்டை. தோடி பாடும் எவரும் அந்தக் கட்டையில் நிற்பதே இல்லை. ரிஷபத்தின் பக்கத்திலிருந்து எழும்பி மத்தியமத்தின் பக்கம் வரை ஆடி வருகிறார்கள். ஆர்மோனியத்தில் அந்தக் கட்டையை அழுத்தி ‘இதுதான் தோடி காந்தாரம்’ என்று சொன்னால் அது பொய்.

எழுத்தில் இதைப் பிடிக்க முயன்றவர்கள் உண்டு. புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலைப் பாறையில் பல்லவர் காலத்தில் ஸ்வர எழுத்துகளை வரிவரியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த வரிகளை எப்படிப் பாடினார்கள் என்று இன்றும் அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904இல் பதிப்பித்த ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’யில் ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக் குறி போட்டு அச்சிட்டார். அந்தக் காலத்து அச்சுக்கூடத்தில் அது லேசான வேலையில்லை. இருந்தாலும் அந்தக் குறிகளை வைத்துக்கொண்டு ஒரு கீர்த்தனையைப் பாட, அந்த ராகத்தை ஏற்கெனவே காதால் அறிந்திருக்க வேண்டும்.

தாளத்துக்கு வருவோம். இங்கே ‘ச’வுக்குச் சமமானது காலப்பிரமாணம்: ஓர் அட்சரத்துக்கும், அதாவது எண்ணிக்கைக்கும், அடுத்த அட்சரத்துக்கும் உள்ள இடைவெளி. அதைப் பாடுகிறவர் வைக்கிறார். வைத்த பிறகு குலைக்கக்கூடாது. ஆதி தாளத்தைக் கையால் போட்டுப் பாருங்கள்: தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு. விரல் எண்ணும் முதல் பகுதி லகு. தட்டி வீசுவது திருதம். லகுவுக்கு 3, 4, 5, 7, 9 என்று ஐந்து அளவுகள் உண்டு. ஏழு தாளங்களை இந்த ஐந்தால் பெருக்கினால் 35. மேளகர்த்தாவைப் போலவே இதுவும் கணக்கு. கச்சேரி மேடையில் பெரும்பாலும் புழங்குவது ஆதி, ரூபகம், இரண்டு சாப்பு தாளங்கள், எப்போதாவது ஒரு கண்ட ஜாதி அட. மிச்சத்தைப் பல்லவி பாடும் வல்லுநர்களுக்கு விட்டுவிடலாம்.

தொடங்குகிறவர் தடுமாறுவது காலம் மாற்றும்போது. தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையை முதல் காலத்தில் பாடினால் ஒரு எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம். ஏறுவதற்கு ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, இறங்குவதற்கு இன்னொன்று. இரண்டாம் காலத்தில் எண்ணிக்கைக்கு இரண்டு ஸ்வரம். ஏறி இறங்கி ஒரே ஆவர்த்தனத்தில் முடிந்துவிடும். மூன்றாம் காலத்தில் நான்கு. ஓர் ஆவர்த்தனத்தை நிரப்ப இரண்டு முறை ஏறி இறங்க வேண்டும். பாட்டு வேகமாகிறதே என்று கையையும் வேகமாக்கிவிடுகிறார்கள். கை அசையாமல் இருந்தால்தான் குரல் இரட்டித்தது தெரியும். கை எண்ணிக்கைக்குள் நாலுக்குப் பதில் மூன்று போட்டால், அதாவது ‘தகதிமி’ சொன்ன இடத்தில் ‘தகிட’ சொன்னால், திஸ்ர நடை. தாளம் மாறவில்லை, உள்ளே பங்கு போடும் விதம் மாறியது. ‘தகிட தகதிமி’ என்று மூன்றையும் நான்கையும் ஒட்டினால் மிஸ்ர சாப்புவின் ஏழு.

இன்னொன்று எடுப்பு. பாட்டு தாளத்தின் முதல் தட்டிலேயே தொடங்க வேண்டும் என்று விதியில்லை. அரை எண்ணிக்கை தள்ளித் தொடங்கும் பாட்டுகள் ஏராளம். தியாகராஜரின் தேசாதிக் கீர்த்தனைகளில் ஒன்றரை தள்ளி எடுப்பு. சபையில் உட்கார்ந்து தாளம் போடும் புதியவர், பாட்டு தொடங்கிய இடத்தையே முதல் தட்டு என்று எண்ணிக்கொண்டு கடைசிவரை பக்கத்திலிருப்பவரோடு கை ஒத்துப்போகாமல் தவிப்பார். அவர் கேட்டதும் சரி, எண்ணியதும் சரி. எதிலிருந்து எண்ண வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

இதுவரை இசை கற்காமல், இனிமேல் தொடங்க நினைக்கும் பெரியவர்களும் இங்கே இருக்கிறார்கள். முதல் பாடம் ஏன் மாயாமாளவகௌளை என்று கேட்டார் ஒருவர். அந்தப் பாடத்திட்டத்தைப் புரந்தரதாசர் வகுத்ததாக மரபு சொல்கிறது. காரணம் ராகத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ச-ரி சின்ன இடைவெளி, ரி-க பெரியது, க-ம சின்னது. ‘ப’விலிருந்து மேலே அதே அளவுகள்: ப-த சின்னது, த-நி பெரியது, நி-ச சின்னது. கீழ்ப் பாதியைக் கற்றால் மேல் பாதியில் பெரும்பங்கு வந்துவிடும். சின்னதும் பெரியதும் அடுத்தடுத்து வருவதால் காது வித்தியாசத்தைத் தவறவிடாது. உங்கள் குரலுக்கு எது வசதியான கட்டை என்று ஓர் ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சுருதிப் பெட்டியோ கைப்பேசிச் செயலியோ, எது கிடைத்தாலும் ஓடவிட்டு, முதல் சில வாரங்கள் ச, ப, மேல் ச மூன்றை மட்டும் நீட்டிப் பாடுங்கள். குரல் தம்பூராவுக்குள் மறைந்துபோகிற இடம் வரும்வரை ‘ரி’க்குப் போகாதீர்கள். வீட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.